சாப்பிடாத சர்க்கரை

ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்த பையனை யாராவது பிடிபட்ட திருடனைப் போல நிற்கவைத்து விசாரிப்பார்களா? வாலுவின் அண்ணனுக்கு அன்றைக்கு அதுதான் நடந்தது.

வாலு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள், கேள்வி கேட்பதை நிறுத்தமாட்டாள் என்பதால் வந்த பெயர். வயது பத்து. அண்ணனுக்குப் பதிமூன்று. நெடுநெடுவென்று வளர்ந்த கால்கள் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் அவனைக் குதிரை என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கனைத்தும் காட்டுவான். அதெல்லாம் உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்னால்.

விசாரணை நடந்த இடம் ஒரு சலவைக்கூடத்தின் பின்வாசல். அம்மாவுக்கு அங்கேதான் வேலை. ஊரிலுள்ள விடுதிகள், மருத்துவமனைகள் எல்லாவற்றின் அழுக்குத் துணியும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து, வெளுத்து, காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவர் ரோட்டில்தான் இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரும் சலவைக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அம்மாவின் வேலை முடியும்வரை துணி மூட்டைகளுக்கு நடுவே காத்திருப்பார்கள்.

அன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. அண்ணன் மூன்று ஓட்டம் ஓடினான். மூன்றுமே தலைதெறிக்க ஓடுகிற குறுகிய தூர ஓட்டம். கடைசி ஓட்டத்தில் அவன்தான் முதல். இருவரும் சந்தோஷமாகச் சலவைக்கூடத்துக்கு வந்தபோது, அம்மா இடைவேளையில் வெளியே வந்தாள். வந்ததும் வராததுமாக அண்ணனின் விரலைப் பிடித்துச் சின்ன ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தை மீட்டரில் வைத்துப் பார்த்தாள்.

ரத்தத்தில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. நூறு, நூற்றைம்பது என்று இருக்கவேண்டியது முந்நூறு.

அம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

"என்னடா தின்னே?"

"ஒண்ணும் தின்னலம்மா."

"நான் கட்டிக் கொடுத்ததைத் தவிர?"

"தண்ணி மட்டும்தான் குடிச்சேன்."

"தண்ணி குடிச்சா முந்நூறு வருமா? மெஷின் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

அண்ணன் பொய் சொல்லவில்லை. வாலுவுக்கு அது நன்றாகத் தெரியும். மதியம் ஒரே டப்பாவிலிருந்துதான் இருவரும் சாப்பிட்டார்கள். மற்ற பையன்கள் ஐஸ் வாங்கித் தின்றபோது அண்ணன் மைதானத்தின் வேலியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அதையும் அவள் பார்த்தாள். பார்த்ததை அப்படியே அம்மாவிடம் சொன்னாள்.

"நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே," என்று அம்மா ஒரே வரியில் அவள் வாயை அடைத்தாள்.

அம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். சில மாதங்களுக்கு முன்னால் அண்ணன் துரும்பாக இளைத்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் அவன் கண் திறக்கும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவனுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது என்றும், இது யாருடைய தப்பும் இல்லை என்றும், இனி ஆயுளுக்கும் ஊசிதான் என்றும் அங்கே சொன்னார்கள். சர்க்கரை கூடினால் என்ன செய்யவேண்டும், குறைந்தால் என்ன செய்யவேண்டும், விளையாடினால் என்ன ஆகும் என்று நர்ஸ் பொறுமையாகத்தான் விளக்கினார். அந்த நேரத்தில் அம்மாவின் காதில் எல்லாம் ஏறவில்லை. கூடினால் ஊசி, குறைந்தால் இனிப்பு. இந்த இரண்டு மட்டும்தான் ஏறின.

அன்றிலிருந்து அம்மா பயத்தோடு குடித்தனம் நடத்தினாள். வீட்டில் சர்க்கரை டப்பா காணாமல் போனது. பிஸ்கட் காணாமல் போனது. ஒரு பிறந்தநாள் வீட்டில் அண்ணன் கேக்கை ஒளித்துத் தின்று, தின்னவில்லை என்று சாதித்து, கையில் ஒட்டியிருந்த கிரீமால் மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எதைச் சொன்னாலும் அம்மாவுக்கு அந்தக் கேக்தான் நினைவுக்கு வந்தது.

இப்போதும் அதுதான் வந்தது. அண்ணனின் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். புத்தகம், வியர்வைச் சட்டை, காலி டப்பா. கடைசியில் ஒரு குளுக்கோஸ் மாத்திரைப் பொட்டலம் விழுந்தது. சர்க்கரை திடீரென்று குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ள வைத்திருப்பது. போன மாதம் ஒரு நாள் அப்படிக் குறைந்தபோது சாப்பிட்டதால் அது பிரிந்திருந்தது.

"இதைத்தானே மிட்டாய் மாதிரி மென்னுக்கிட்டிருக்கே? இனிமே இது என்கிட்ட இருக்கட்டும்."

அம்மா ஊசியை எடுத்து, கூடுதலாக இன்சுலின் ஏற்றிக் குத்தினாள். பொட்டலத்தைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

*

பிள்ளைகள் காத்திருக்கும் மூலை உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால் இருந்தது. அங்கே காய்ந்த துண்டுகள் மலைபோலக் குவிந்திருக்கும். கூடம் முழுக்க ஆவி. சோப்பு வாசனை மூக்கில் ஏறும். உள்ளே நுழைந்த யாரும் அரை நிமிடத்தில் வியர்த்து வழிவார்கள். நடுவில் பெரிய உருளை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஈரப் போர்வையின் நுனியைப் பிடித்து ஒரு பக்கம் விடுவார்கள். அது கொதிக்கிற உருளைக்குள் புகுந்து, மறுபக்கம் இஸ்திரியாகி வெளியே வரும். விடுகிற பக்கம் நின்றவர்களில் அம்மா ஒருத்தி. அந்த உருளையின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

உருளைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். நின்றால் உள்ளே போன போர்வை கருகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதைத் தொடவேண்டும் என்பது அங்கே சட்டம். பிள்ளைகள் அந்தத் தூண் பக்கமே தலைகாட்டக்கூடாது என்பது இன்னொரு சட்டம்.

அண்ணன் துண்டுக் குவியலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வாலு பக்கத்தில் போய் உட்கார்ந்து, குதிரைக்குக் கொள்ளு வேண்டுமா என்று கேட்டாள். அவன் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். புல்லாவது வேண்டுமா என்றாள். அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"நான் நிஜமாவே ஒண்ணும் தின்னல, வாலு."

"தெரியும்."

"பின்ன எப்படி ஏறிச்சு?"

வாலுவுக்குத் தெரியவில்லை. மண்டையைக் குடைந்து பார்த்தாள். சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். அவன் வேறு எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் ஏறியது. அப்படியானால் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தா வரும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல், சரி, வீட்டுப்பாடத்தையாவது முடிக்கலாம் என்று புத்தகத்தைப் பிரித்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு அண்ணனிடம் ஒரு கணக்கைக் கேட்டாள். அவன் திரும்பி அவளை முறைத்தான்.

"போடி அந்தப் பக்கம். சும்மா நொய்நொய்னு."

அவன் அவளை அப்படித் திட்டியதே இல்லை. கையால் தள்ளியும்விட்டான். புத்தகம் கீழே விழுந்தது. வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மடித்த துணிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போன அக்கா ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, அம்மா திட்டிய கோபத்தில் இருக்கிறான், கொஞ்ச நேரம் அவனை அவன் போக்கில் விடு என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மாதிரி. அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. வாலு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாலு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

அண்ணனின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இங்கே யாருக்குத்தான் வியர்க்கவில்லை? அவளுக்கே முதுகு நனைந்திருந்தது. அண்ணன் ஒரு துண்டை எடுத்து மடிக்கப் பார்த்தான். அது மடியவில்லை. திரும்பத் திரும்ப அதே நுனியைப் பிடித்தான். விரல்கள் நடுங்கின.

"அவங்க எல்லாம் ஓடிட்டாங்க," என்றான்.

"யாரு?"

"துண்டெல்லாம்."

வாலு சிரிக்கப் போனாள். அவன் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவன் விளையாடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அவளை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஒரு துண்டை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த கை திடுக்கிட்டு நின்றது. அவனுடைய தோல் சில்லென்றிருந்தது. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மறுபடி அவன் கழுத்தைத் தொட்டாள். இந்த உலைக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரி குளிர்ந்த வியர்வை ஏன் வரவேண்டும்?

சர்க்கரை கூடினால் தாகம் எடுக்கும். அவன் தண்ணீர் கேட்கவே இல்லை. குறைந்தால்தான் வியர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும். காரணமில்லாமல் கோபம் வரும். மருத்துவமனையில் நர்ஸ் சொன்னதை அம்மாவின் மடியில் சாய்ந்தபடி அவளும் கேட்டாள். ஆனால் இங்கே வந்தபோது முந்நூறு இருந்ததே? முந்நூறு இருந்தவனுக்கு எப்படிக் குறையும்?

எப்படியோ. பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மீட்டர் பையைத் திறந்தாள். அம்மா தவிர யாரும் அண்ணனுக்கு ஊசி குத்தக்கூடாது. அவள் எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அண்ணனின் விரலைப் பிடித்துக் கண்ணை மூடாமல் குத்தினாள். அவன் கையை இழுக்கக்கூட இல்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது.

மீட்டரில் நாற்பத்தொன்று என்று வந்தது.

எழுபதுக்குக் கீழே போனாலே இனிப்பு கொடுக்கவேண்டும். வாலு பையைத் துழாவினாள். குளுக்கோஸ் பொட்டலம் எங்கே? அப்புறம்தான் நினைவு வந்தது. அது அலமாரியில். அலமாரி பூட்டியிருக்கிறது. சாவி அம்மாவிடம்.

அண்ணனை இறுக்கிப் பிடித்து உட்காரவைத்து, சுற்றிலும் மூட்டைகளால் அணைகட்டினாள். பிறகு ஓடினாள்.

"அம்மா!"

உருளை இரைந்தது. அம்மா போர்வை நுனியைப் பிடித்துக் குனிந்திருந்தாள். யாரும் தாண்டக்கூடாது என்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாலு நின்று இன்னொரு முறை கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அம்மா நிமிர்ந்தாள். அவளைப் பார்த்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது. 'தள்ளிப் போ' என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

வாலு திரும்பிப் பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவில் அண்ணனின் தலை மெதுவாக ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

அவள் தூணிடம் போய், இரண்டு கையாலும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

*

அவ்வளவு பெரிய கூடம் அத்தனை அமைதியாகி யாரும் பார்த்ததில்லை. உருளை நின்றது. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு துணி கருகுகிற வாடை மெல்ல வந்தது.

"யார் நிறுத்தினது?" என்று சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து கேட்டபடி வந்தார்.

"நான்தான்," என்றாள் வாலு. அவர் பக்கம் திரும்பாமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, அண்ணனுக்கு நாற்பத்தொண்ணு."

அம்மாவுக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. கையிலிருந்த போர்வை தரையில் விழுந்தது. ஓடினாள். முதலில் அண்ணனிடம் ஓடினாள், பிறகு அலமாரிக்கு ஓடினாள். சாவியை எடுத்தாள். பூட்டுக்குள் அது நுழையவில்லை. அவசரத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். சாவி கீழே விழுந்து, அலமாரிக்கு அடியில் சறுக்கிப் போய்விட்டது. அம்மா தரையில் மண்டியிட்டுத் தடவ ஆரம்பித்தாள்.

வாலு அதற்காகக் காத்திருக்கவில்லை. வேலையாட்கள் டீ போடுகிற மேடை உருளைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே உயரமான பலகையில் சர்க்கரை டப்பா. அவளுக்கு எட்டாது. மடிப்பக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, அதைக் காட்டினாள். அக்கா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளரில் பாதிக்குச் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் விட்டு, விரலாலேயே கலக்கிக்கொண்டு வந்தாள்.

அண்ணனின் கண் பாதி மூடியிருந்தது. நினைவு இன்னும் தப்பவில்லை. கூப்பிட்டால் முனகினான்.

"முழுங்குறானான்னு பாத்துக் கொடுக்கணும் அக்கா. தப்பா ஊத்தினா மூச்சுக்குழல்ல போயிடும்."

அக்கா அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். வாலு டம்ளரை உதட்டில் வைத்தாள். முதல் வாய் தாடையில் வழிந்துவிட்டது. "குதிரை, முழுங்கு," என்று காதருகில் சொன்னாள். தொண்டை அசைந்தது. முழுங்கினான். இன்னொரு வாய். இன்னொன்று. சாவி கிடைத்து அம்மா மாத்திரையோடு ஓடிவந்தபோது டம்ளர் பாதி காலியாகியிருந்தது.

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திட்ட வந்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, மருத்துவமனைக்குத் துணி கொண்டுபோகும் வண்டி புறப்பட்டுவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்த்து, வாசலிலேயே அதை மடக்கினார்.

வெளுத்த போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் அண்ணனைக் கிடத்தி அவர்கள் போனார்கள். வழி நெடுக அம்மா அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள். வாலுவுக்கு அழக்கூட நேரமில்லை. அண்ணன் கண்ணை மூடும்போதெல்லாம் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

*

டாக்டரம்மா அண்ணனைப் பரிசோதித்து, சர்க்கரை ஏறி வருவதைப் பார்த்து, ஆபத்து தாண்டிவிட்டது என்றார். சர்க்கரைத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா கேட்டாள். அதை விடுங்கள், என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

எதையோ தின்றுவிட்டுப் பொய் சொன்னான், முந்நூறு இருந்தது, அதனால் ஊசி போட்டேன் என்று அம்மா சொன்னாள். அதற்கு முன்னால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று டாக்டரம்மா கேட்டார். ஓடினான் என்று வாலு சொன்னாள்.

"எப்படி ஓடினான்?"

"உயிரைக் கொடுத்து ஓடினான். மூணு தடவை."

"ஜெயிச்சானா?"

வாலு தலையாட்டினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை அவள் அதைக் கேட்கவே இல்லை.

மனதில் குடைந்துகொண்டிருந்த கேள்வியை வாலு அப்போது கேட்டுவிட்டாள். "டாக்டர், மதியச் சாப்பாட்டைத் தவிர அவன் ஒண்ணுமே சாப்பிடல. அப்புறம் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்துச்சு?"

டாக்டரம்மா அவளுடைய வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். "இங்கிருந்து. இதுதான் கல்லீரல். நாம சாப்பிடுறதுல ஒரு பங்கைச் சர்க்கரையா இது சேத்து வெச்சுக்கும்."

"அப்போ எனக்குள்ளயும் ஒரு சர்க்கரை டப்பா இருக்கா?"

"இருக்கு. யாராலயும் பூட்டி வைக்க முடியாத டப்பா."

பிறகு அவர் நிதானமாக விளக்கினார். நடந்தாலும் ஓடினாலும் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். எடுத்தது எவ்வளவோ அவ்வளவைக் கல்லீரல் உடனுக்குடன் ஈடுகட்டும். இதை மேற்பார்வை செய்கிற வேலை கணையத்துடையது. ஓடும்போது இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். குறைந்தால்தான் கல்லீரலின் கதவு திறக்கும். ஆனால் ஒருவன் தலைதெறிக்க ஓடினால், ஏதோ ஆபத்து என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். கல்லீரல் கதவை அகலத் திறந்து, தேவைக்கு மேலேயே சர்க்கரையைக் கொட்டிவிடும். ஓடி முடித்ததும் மற்றவர்களுக்குக் கணையம் இன்சுலின் அனுப்பி அதைச் சரிசெய்துவிடும். அண்ணனுக்கு அனுப்ப ஆள் இல்லை. அதனால்தான் முந்நூறு.

"அது தானா இறங்கியிருக்குமா?" என்று கேட்டாள் வாலு.

"பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஓட்டம் நின்ன பிறகும் தசையும் கல்லீரலும் செலவழிச்சதைத் திரும்ப நிரப்பிக்கிட்டே இருக்கும். பல மணி நேரம். அந்த நேரத்துல ஊசியும் சேர்ந்தா, பள்ளத்துல உருளுற வண்டியைப் பின்னாலிருந்து தள்ளின மாதிரி."

"குறையும்போது கல்லீரல் மறுபடியும் திறக்கக்கூடாதா?"

"திறக்கத்தான் பாக்கும். ஊசியில போன இன்சுலின் கதவை அழுத்திப் பிடிச்சுக்கும். கணையம் அனுப்பினது அதிகமானா அதுவே நிறுத்திக்கும். ஊசி போட்டதை நாம திரும்ப எடுக்க முடியாது."

அப்புறம் அம்மாவிடம், ஓடின உடனே சர்க்கரை கூடித் தெரிந்தால் பொறுத்திருந்து மறுபடி பார்க்கவேண்டும் என்றும், அப்போதும் ஊசி தேவைப்பட்டால் எவ்வளவு என்று இங்கே கேட்டுக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார். மெதுவாக நெடுந்தூரம் ஓடினால் இதற்கு நேர்மாறாகச் சர்க்கரை இறங்கும், அதனால் கையில் எப்போதும் இனிப்பு இருக்கவேண்டும் என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இந்தத் தடவை எல்லாம் காதில் ஏறியது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டாக்டரம்மா போனதும் அம்மா கட்டிலருகே வந்து நின்றாள்.

"நீ உண்மையைத்தான்டா சொல்லியிருக்கே," என்றாள்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

*

அவன் உடம்பு சீக்கிரமே தேறிவிட்டது. வீட்டுக்கும் வந்துவிட்டான். ஆனால் வீடு வீடாக இல்லை. அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவான். விரலை நீட்டச் சொன்னால் நீட்டுவான். ஓடப் போகவில்லை. பயிற்சி ஆசிரியர் ஆள் அனுப்பியும் போகவில்லை. அம்மா சமையலறையில் யாருக்கும் தெரியாமல் அழுதாள். ஒரு சின்ன வீட்டில் யாருக்கும் தெரியாமல் அழ முடியுமா? எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் தெரியாதது மாதிரி இருந்தார்கள்.

வாலுவால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. ஊசி போட்டதற்காக அம்மாமேல் இன்னும் கோபமா என்று ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேவிட்டாள்.

"ஊசிக்கு என்ன கோபம்? அம்மாவுக்குத் தெரியாது, போட்டுட்டாங்க," என்றான். "நான் அவ்வளவு தடவை சொன்னேன். ஒரு தடவைகூட நம்பல. இனிமே எத்தனை தடவை ஓடி, எத்தனை தடவை இப்படித் திருடன் மாதிரி நிக்கிறது?"

வாலு இதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னாள். இது கோள் சொல்வதுதான். அவளுக்கும் தெரியும். ஆனால் இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அண்ணனிடம் போனாள். மன்னிப்பு என்றெல்லாம் அவளுக்குப் பேசத் தெரியவில்லை. "நாளைக்கு எனக்கு லீவு. கிரவுண்டுக்கு நானும் வரேன். ஓடு," என்றாள். அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, சரி என்றான்.

மறுநாள் மாலை மைதானத்தின் படிக்கட்டில் அம்மாவும் வாலுவும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஓடினான். முதலில் பயந்து பயந்து ஓடினான். அப்புறம் கால்களுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. பறந்தான். மூச்சு வாங்க வந்து படியில் விழுந்தான். அம்மா மீட்டரை எடுத்தாள்.

இருநூற்று எண்பது.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கை தானாக ஊசிப் பைக்குப் போனது.

"ஏதாவது சாப்பிட்டியாடா?"

கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இல்லம்மா."

அம்மா மீட்டரைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

ஊசிப் பையை மூடி வைத்தாள். பயம் எங்கே போகும்? அந்தப் பையை இரண்டு கைகளுக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் உட்காரக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். மறுபடி பரிசோதிக்கும் நேரத்துக்காக மூவரும் மைதானத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், யாரும் சொல்லாமலே, வியர்வைத் தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டான்.

அம்மா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அன்றைய சில்லிப்பு இல்லை. சுட்டது.